வலப்பக்கத்தில் ஒரு பூச்சியம்

(சங்கரன்கோவிலில் மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணக்கைப் பற்றிப் பேச வந்தவன் கணக்கோடுதான் தொடங்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஊரில் ஒரு விசைத்தறிக் கூடத்து ஆட்கள் ஒருநாள் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று வேன் பேசுகிறார்கள். வாடகை 2400 ரூபாய். ஆளுக்குச் சமமாகப் போட்டுக்கொள்வதாகப் பேச்சு. புறப்படுகிற அன்று காலையில் நான்கு பேர் வரவில்லை. வந்தவர்கள் ஆளுக்கு 30 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்படியானால் முதலில் பெயர் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

கடைக்கணக்கில் பழகிய அண்ணாச்சி யாராவது இங்கே இருந்தால், நான் சொல்லி முடிப்பதற்குள் விடையைச் சொல்லியிருப்பார். நாம் எழுதியே பார்ப்போம். தெரியாத எண்ணுக்குப் பாடநூலில் ஆங்கில எழுத்துப் போடுகிறோம். நம் நாட்டுப் பழைய கணிதர்கள் அதற்கு 'யா' என்று எழுதினார்கள். இன்று நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். பெயர் கொடுத்தவர்கள் யா. வந்தவர்கள் யா − 4. வந்தவர்கள் ஒவ்வொருவரும் 30 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்பதைச் சமன்பாடாக்கி, பின்னங்களை நீக்கிச் சுருக்கினால் நிற்பது இதுதான்:

யா × (யா − 4) = 320

இந்த இடத்தில் பிள்ளைகள் இரண்டு வகையாகப் பிரிகிறார்கள். ஒரு வகை, "யா = 320 அல்லது யா − 4 = 320" என்று எழுதும். இன்னொரு வகை, 320ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்து, யா² − 4யா − 320 = 0 என்று எழுதும். பிறகு பெருக்கினால் −320, கூட்டினால் −4 வரும் இரண்டு எண்களைத் தேடும். 8, 40 சரிவராது. 10, 32 சரிவராது. 16, 20 என்று வந்ததும் முகம் மலரும். (யா − 20)(யா + 16) = 0. ஆகவே யா = 20 அல்லது யா = −16. ஆட்கள் எண்ணிக்கை குறை எண்ணாக இருக்க முடியாது என்று ஒரு வரி எழுதி −16ஐ அடித்துவிட்டு, 20 என்று கட்டம் போட்டு முடித்துவிடுவார்கள். சரிபார்த்தால் பொருந்துகிறது: 20 பேர் என்றால் தலைக்கு 120, 16 பேர் என்றால் 150.

மதிப்பெண் முழுதாகக் கிடைத்துவிடும். ஆனால் அடித்துத் தள்ளிய அந்த −16ஐ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேனில் ஏறியவர்கள் எத்தனை பேர்? பதினாறு. குறிதான் மாறியிருக்கிறது. தற்செயல் என்று நினைக்காதீர்கள். யா × (யா − 4) என்ற பெருக்கலில், இருக்கிற இரண்டு எண்களையும் இடம் மாற்றி, இரண்டுக்கும் குறியை மாற்றிவிட்டால் பெருக்குத்தொகை மாறாது: 20 × 16 என்பதும் (−16) × (−20) என்பதும் ஒன்றே. பெயர் கொடுத்தவர்களைக் கேட்டோம். சமன்பாடு அதோடு வந்தவர்களையும் சேர்த்துச் சொன்னது. தகாத விடை என்று ஒதுக்குகிற எண்ணை ஒதுக்கும் முன்னால் அது என்ன சொல்கிறது என்று அரை நிமிடம் காது கொடுக்கலாம்.

இப்போது முதல் வகைப் பிள்ளையிடம் வருவோம். "யா = 320 அல்லது யா − 4 = 320" என்று எழுதியதில் என்ன தவறு? பக்கத்தில் இருக்கிற பையனும் அதே மாதிரிதானே எழுதினான்? அவன் "யா − 20 = 0 அல்லது யா + 16 = 0" என்று எழுதினான்; இவன் "= 320" என்று எழுதினான். ஒன்று எப்படிச் சரி, மற்றது எப்படித் தவறு?

நம் வகுப்பறைகளில் காரணிப்படுத்தல் என்றால் அந்த இரண்டு எண்களைத் தேடும் வித்தைதான் என்று ஆகிவிட்டது. குறுக்குக் கோடு போட்டு, மேலே பெருக்கல், கீழே கூட்டல், இருபுறமும் எண்கள். அந்தத் தேடலுக்கே நாற்பது நிமிடப் பாடவேளை கரைந்துவிடுகிறது. ஆனால் முறையின் உயிர் வலப்பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற பூச்சியத்தில் இருக்கிறது. இரண்டு எண்களைப் பெருக்கினால் 12 வருகிறது என்று மட்டும் சொன்னால், அந்த எண்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது: 3, 4 ஆக இருக்கலாம், 2, 6 ஆக இருக்கலாம், அரையும் 24உம் ஆகலாம். பெருக்கினால் 0 வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். இரண்டில் ஒன்று பூச்சியம், வேறு வழியே இல்லை. எண்களில் இப்படிக் காட்டிக்கொடுக்கிற எண் பூச்சியம் ஒன்றுதான். 320ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்தது அதற்காகத்தான்.

இன்னொரு வழக்கமான தவறும் இதோடு சேர்ந்தது. யா² = 5யா என்று கொடுத்தால், இருபுறமும் யாவை வெட்டிவிட்டு யா = 5 என்று எழுதிவிடுகிறோம். வெட்டும்போது யா = 0 என்ற விடையும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது. யா(யா − 5) = 0 என்று எழுதியிருந்தால் இரண்டும் தப்பித்திருக்கும்.

"பெருக்கினால் பூச்சியம் என்றால் ஒன்று பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும், இதைச் சொல்ல ஒரு கூட்டமா?" என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். அதில் 12 தாண்டினால் மறுபடி 1. எனவே 12ஐ 0 என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடிகார உலகத்தில் 3 × 4 = 12, அதாவது 0. மூன்றும் பூச்சியமில்லை, நான்கும் பூச்சியமில்லை, பெருக்கினால் பூச்சியம்! அங்கே யா² − 5யா + 6 = 0 என்ற எளிய சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள். காரணிகள் (யா − 2)(யா − 3). 2, 3 இரண்டும் விடைகள். 6ஐப் போடுங்கள்: 36 − 30 + 6 = 12, அதுவும் பூச்சியம். 11ஐப் போடுங்கள்: 121 − 55 + 6 = 72, ஆறு பன்னிரண்டு, அதுவும் பூச்சியம். இருபடிச் சமன்பாட்டுக்கு நான்கு விடைகள்! காரணிப்படுத்தியது சரி, பூச்சியம்தான் நம்பிக்கைக்கு உரியதாக இல்லை. கடிகாரத்துக்குப் பதிலாக வாரத்தின் ஏழு நாட்களை எடுத்தால் இந்தத் தொல்லை வராது. 7 பகா எண்; அங்கே 2, 3 என்று இரண்டே விடைகள்.

நம்முடைய சாதாரண எண்களில் பூச்சியம் ஒழுங்காக நடந்துகொள்கிறது. சரி, அந்த ஒழுங்கைப் பயன்படுத்தி இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கலாம் என்று உலகத்துக்கு எப்போது தோன்றியது? பத்தாம் வகுப்பில் முதலில் காரணிப்படுத்தல், அடுத்து வர்க்கப் பூர்த்தி, அதற்கும் அடுத்து சூத்திரம் என்று வரிசையாகப் படிக்கிறோம். வரலாறு இந்த வரிசையில் நடக்கவில்லை. முதலில் படிப்பது கடைசியில் வந்தது.

பாபிலோனியரின் களிமண் பலகை ஒன்று லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது; வயது மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல். அதன் முதல் கணக்கு: ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால், பக்கம் எவ்வளவு? விடை அரை. போட்ட வழி வர்க்கப் பூர்த்தி. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்தாதில் அல் குவாரிஸ்மி, வர்க்கத்தோடு பத்து மடங்கைக் கூட்டினால் 39 என்ற கணக்கை எடுத்துச் சதுரங்கள் வரைந்து காட்டுகிறார். விடை 3. யா² + 10யா − 39 என்று எழுதினால் நம் பிள்ளைகள் (யா + 13)(யா − 3) என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். அவருக்கு அப்படி எழுதத் தோன்றவில்லை. குறை எண்ணை அவர் ஏற்கவில்லை. அதனால் எதையும் ஒரு பக்கமாகக் குவித்து மறுபக்கம் பூச்சியம் வைக்க வழியில்லை.

நம் நாட்டின் கதை இன்னும் விசித்திரமானது. 628இல் பிரம்மகுப்தர் பிராம்மஸ்புட சித்தாந்தத்தில் பூச்சியத்துக்கும் குறை எண்ணுக்கும் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை எழுதிவிட்டார். மிகை எண் செல்வம், குறை எண் கடன். எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியம் என்பதும் அங்கே இருக்கிறது. அவருக்குப் பின் வந்த ஸ்ரீதரர், இருபுறமும் வர்க்கக் கெழுவின் நான்கு மடங்கால் பெருக்கி, நடுக்கெழுவின் வர்க்கத்தைக் கூட்டு என்று ஒரு வழி சொன்னார். அவர் எழுதிய பீஜகணிதம் கிடைக்கவில்லை. பாஸ்கரர் எடுத்து எழுதியதால் விதி தப்பியது. நம் வேன் கணக்கை அவர் வழியில் போடுவோம்: யா² − 4யா = 320. நான்கால் பெருக்கினால் 4யா² − 16யா = 1280. 16 கூட்டினால் வலப்பக்கம் 1296, அதாவது 36 × 36. இடப்பக்கம் (2யா − 4)இன் வர்க்கம். ஆகவே 2யா − 4 = 36, யா = 20. பின்னமே வராமல் ஓடுகிறது பாருங்கள். வர்க்கப் பூர்த்தியில் பின்னத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் கட்சி.

குற்றாலத்துக் கணக்கில் குரங்கு வராமல் போகுமா? 1150இல் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் இரண்டு குரங்குக் கணக்குகளைத் தருகிறார். ஒன்று: கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாடுகிறது, மீதி 12 குரங்குகள் குன்றின்மேல் கத்திக்கொண்டிருக்கின்றன, மொத்தம் எத்தனை? சுருக்கினால் யா² − 64யா + 768 = 0. விடை 48 அல்லது 16. இரண்டையும் அவர் ஏற்கிறார். மற்றொன்று: கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து வர்க்கப்படுத்தினால் வரும் எண்ணிக்கை குகைக்குள் போயிற்று, ஒரு குரங்கு மட்டும் மரத்தில் தெரிகிறது. சுருக்கினால் யா² − 55யா + 250 = 0; விடை 50 அல்லது 5. இதில் 5ஐ அவர் ஏற்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு ஒன்று. அதிலிருந்து மூன்றைக் கழித்தால் −2. அதை வர்க்கப்படுத்தினால் 4 வந்து கணக்கு நேராகிவிடும்தான். ஆனாலும் குறை எண்ணிக்கையில் குரங்குகளை உலகத்தார் ஒப்ப மாட்டார்கள் என்று விட்டுவிடுகிறார். 5 மிகை எண்ணே; தடை அதன் குறியில் இல்லை, கதையின் நடுவில் இருக்கிறது. நம் தேர்வுத் தாள்களில் இந்த அளவு யோசித்து ஒரு விடையை நீக்குகிறோமா?

இவ்வளவும் இருந்தும், பாஸ்கரர் (யா − 50)(யா − 5) = 0 என்று எழுதவில்லை. நம் கணிதர்கள் சமன்பாட்டின் இரண்டு பக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார்கள். தெரியாததெல்லாம் ஒரு பக்கம், தெரிந்த எண் மறுபக்கம் என்று பிரிப்பதுதான் அவர்களுக்கு ஒழுங்கு. ஆகவே கைக்கு எட்டிய பூச்சியம் ஒரு பக்கம் தனியாக நிற்கும் வாய்ப்பே வரவில்லை. விதியும் பூச்சியமும் இந்த மண்ணில் தயாராகக் கிடந்தன. எழுதும் பழக்கம் குறுக்கே நின்றது என்றுதான் எனக்குப் படுகிறது.

பிரம்மகுப்தருக்குப் பின் ஆயிரம் ஆண்டு போயிற்று. இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் என்பவர் 1621இல் இறந்தார். அவர் குறிப்புகளிலிருந்து தொகுத்த நூல் 1631இல் வெளிவந்தது. சமன்பாடுகளைக் காரணிகளின் பெருக்கமாகக் கட்டிக் காட்டியது அதில்தான். ஆறு ஆண்டு கழித்து, 1637இல், பிரான்சின் தெகார்த் தம் வடிவியல் நூலில் யா − 2 = 0, யா − 3 = 0 இரண்டையும் பெருக்கி யா² − 5யா + 6 = 0 என்று காட்டினார். அதோடு யா − 4, யா + 5 என்று மேலும் பெருக்கி நான்காம்படி வரை போனார். அவர் எந்தத் திசையில் போகிறார் என்று கவனியுங்கள். விடைகளைக் கையில் வைத்துக்கொண்டு சமன்பாட்டைச் செய்கிறார்.

பாடநூல் எழுதுகிறவரும் வினாத்தாள் அமைக்கிறவரும் இதைத்தான் செய்கிறார்கள். அதை ரகசியமாக வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகளே, ஒரு சின்னக் கணக்கு. யா² + பயா + ம = 0 என்று எழுதி, ப, ம இரண்டுக்கும் 1 முதல் 10 வரை எல்லா முழு எண்களையும் போடுங்கள். நூறு சமன்பாடுகள் கிடைக்கும். முழு எண்களால் காரணிப்படுவது எத்தனை? பதினான்கு. எல்லையை 100 வரை நீட்டினால் பத்தாயிரம் சமன்பாடுகள். அவற்றில் காரணிப்படுவது 245. நூற்றுக்கு இரண்டரைகூடத் தேறவில்லை. தறியிலிருந்தோ நிலத்திலிருந்தோ தானாக எழும் கணக்கு ஒன்று இரண்டு எண்களாக அழகாகப் பிரிந்து கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. என் வேன் கணக்கும் முன்கூட்டியே 20, 16 என்று வைத்துக்கொண்டு செய்ததுதான்.

அப்படியானால் காரணி கிடைக்காத போது? கிடைக்காது என்று இல்லை. முழு எண்ணாகக் கிடைக்காது, அவ்வளவுதான். யா² − 6யா + 7 = 0 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 6, பெருக்கினால் 7 வரும் இரண்டு எண்கள் வேண்டும். கூட்டுத்தொகை 6 என்றால் பாதி 3. ஓர் எண் 3க்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, மற்றது அவ்வளவு கீழே இருக்கும். பெருக்கினால் 9லிருந்து அந்த இடைவெளியின் வர்க்கம் கழியும். 7 வர வேண்டுமானால் அந்த வர்க்கம் 2. எனவே எண்கள் 3 + √2, 3 − √2. தேடவும் இல்லை, ஊகிக்கவும் இல்லை. 2019இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் போ ஷென் லோ இந்த வழியை வகுப்பறைக்குப் பரிந்துரைத்தபோது உலகமெங்கும் செய்தியானது. பாதியை எடுத்து அதிலிருந்து மேலும் கீழும் போவது பாபிலோனியர் பழகிய வழி. லோ அதைக் காரணிப்படுத்தலோடு சேர்த்துச் சொன்னார். பாஸ்கரரின் இரண்டாம் குரங்குக் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள்: பாதி 27.5, வர்க்கம் 756.25, அதில் 250 போனால் 506.25, அதன் மூலம் 22.5. கூட்டினால் 50, கழித்தால் 5.

கடைசியாக நம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் இந்த ஊரில் பேசியதற்கு அர்த்தமில்லை. குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் 1901 ஏப்ரல் 5ஆம் தேதி ஒரு குழந்தை பிறந்தது. தந்தை சுப்பையா பிள்ளை. தாய் கோமதி அம்மாள். குழந்தைக்கு இட்ட பெயர் சிவசங்கரநாராயணன். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த அடுத்த ஆண்டில் தாயும், பள்ளி முடிக்கும் ஆண்டில் தந்தையும் போய்விட்டார்கள். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்து, சென்னையில் ஆய்வு செய்து, 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். எந்த மிகை முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று 1940இல் நிரூபித்தவர் அவர். எஸ். எஸ். பிள்ளை என்று உலகக் கணிதர்கள் அறிவார்கள். நம் மாவட்டத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன். பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தின் அழைப்பில், ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்கும் சேர்த்துப் புறப்பட்டவர், 1950 ஆகஸ்ட் 31 அன்று எகிப்தில் விமானம் விழுந்து இறந்தார். வயது 49.

அவர் கேட்ட கேள்வி ஒன்று நம் பாடத்தின் வாசலிலேயே இருக்கிறது. இரண்டு வர்க்கங்களுக்கு இடையே 15 வித்தியாசம் எங்கெல்லாம் வரும்? பெரிய வர்க்கத்தின் மூலம் யா, சிறியதன் மூலம் கா என்று வைத்தால், யா² − கா² = 15. காரணிப்படுத்துங்கள்: (யா − கா)(யா + கா) = 15. இங்கே வலப்பக்கம் பூச்சியம் இல்லை. ஆனால் விடைகள் முழு எண்கள் என்ற கட்டுப்பாடு இருப்பதால் 15உம் கொஞ்சம் காட்டிக்கொடுக்கிறது. 1 × 15, 3 × 5, அவ்வளவுதான். முதல் இணை தருவது 64 − 49. அடுத்தது 16 − 1. இவற்றைத் தவிர உலகத்தில் வேறில்லை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் இப்படிப் பட்டியல் போட்டு முடித்துவிடலாம்.

பிள்ளை கேட்டது இதற்கு அடுத்த கேள்வி. வர்க்கம் மட்டும் என்று ஏன் நிறுத்த வேண்டும்? வர்க்கம், கனம், நான்காம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு, எதுவாகவும் இருக்கட்டும். குறிப்பிட்ட ஒரு வித்தியாசத்தில் எத்தனை சோடிகள் அமையும்? எந்த எண்ணை எடுத்தாலும் சோடிகள் முடிவில்லாமல் போகாது என்று அவர் கருதினார். 1 வித்தியாசத்தில் 8, 9 என்ற ஒரே சோடிதான் என்று ருமேனியாவில் பிறந்த மிஹைலெஸ்கு 2002இல் நிரூபித்தார். 2 வித்தியாசத்தில் 25, 27 தெரியும். வேறு உண்டா? முடிவாகச் சொல்ல ஆளில்லை. வெவ்வேறு அடுக்குகள் கலந்துவிட்டால் நம் காரணிப்படுத்தல் கைகொடுப்பதில்லை. பிள்ளையின் ஊகம் இன்றுவரை திறந்தே கிடக்கிறது.

6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வர்க்கங்களுக்கு இடையே 6 வராது. 1 × 6, 2 × 3 என்ற இரண்டு இணைகளிலும் ஒன்று ஒற்றை, ஒன்று இரட்டை. கூட்டிப் பாதியாக்கினால் முழு எண் கிடைக்காது. ஒரு நிமிட வேலை. எல்லா அடுக்குகளுக்கும் கதவைத் திறந்துவிட்டால், 6 வித்தியாசத்தில் ஒரு சோடியை இதுவரை ஒருவரும் காட்டியதில்லை. வராது என்று நிரூபித்தவரும் இல்லை. 14க்கும் அதே நிலைதான். பிள்ளைகள் இன்று இரவு தேடிப் பார்க்கலாம். கணினியை வைத்துக்கொண்டு வெகுதூரம் தேடியவர்களுக்கும் அகப்படவில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இனி நீங்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.